தின்னர் வாசனையும் மறதியும்: மூளையைக் கழுவ மருந்து உண்டா?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. 19 வருடமாக மர பாலிஷ் வேலை. வீட்டுக்குப் பின்னால் 20க்கு 12 அடியில் ஷெட் போட்டு, சொந்தமாக மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் ஸ்பிரே செய்து கொடுக்கிறார். இரண்டு வருடமாக மறதி அதிகம். ஒரே கட்டிலுக்கு ஒரே பார்ட்டியிடம் இரண்டு விலை சொல்லிவிட்டு, "நான் எப்போ சொன்னேன்?" என்கிறார். முன்பெல்லாம் அதிர்ந்து பேசாதவர், இப்போது சாப்பாட்டுத் தட்டை வீசுகிறார். வேலை இல்லாத நாட்களில் கொஞ்சம் நன்றாக இருக்கிறார். ஷேடு மாறிவிட்டது என்று போன மாதம் இரண்டு பீரோ திரும்பி வந்தது. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே கலராம். எப்போதாவது குடிப்பார், இப்போது ஒரு பெக்கே தாங்கவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் ஷட்டரை மூடிக்கொண்டு ஸ்பிரே அடித்தவர், குடித்தவர் போலத் தள்ளாடி வந்து வாந்தி எடுத்தார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல். டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஞாபகசக்தி டானிக் கொடுக்கிறேன். தினமும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தின்னர் விஷம் இறங்கிவிடும் என்கிறார்கள். இது தின்னரால்தானா? மூளையில் ஏறியதை இறக்க மருந்து உண்டா? உதவிக்கு வரும் என் தங்கை மகனுக்கு 17 வயது. அவன் சில நேரம் தின்னர் துணியை முகர்ந்துகொண்டே நிற்கிறான். அதுவும் பயமாக இருக்கிறது.
— வாசகி, கோவை மாவட்டம்

பதில்:

அம்மா, மருந்துக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தின்னர் ஆவியால் மூளைக்கு வந்த பாதிப்பை இறக்கும் மாத்திரையோ ஊசியோ டானிக்கோ இல்லை. வெல்லமும் வாழைப்பழமும் பாலும் நல்ல உணவுதான், ஆனால் அவை போவது வயிற்றுக்கு. தின்னர் போவது நுரையீரல் வழியாக ரத்தத்துக்கு, அங்கிருந்து சில நொடிகளில் மூளைக்கு. அதை இவை தடுக்காது. பல பட்டறைகளில் முதலாளியே வெல்லம் வாங்கிக் கொடுத்து, பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பால் வரும் கெடுதல்தான் பெரிது.

ஆனாலும் வைத்தியம் இருக்கிறது. ஆவி உள்ளே போவதை நிறுத்துவதுதான் அந்த வைத்தியம். உங்கள் கணவர் இப்போது இருக்கும் கட்டத்தில் அதற்குப் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இது தின்னரால்தானா? நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நான்கு விஷயங்கள் அந்தப் பக்கம் கை காட்டுகின்றன. லீவு நாளில் தேறுவது ஒன்று. மது முன்பு போலத் தாங்காமல் போவது இன்னொன்று. மூன்றாவது, மறதியோடு சுபாவமும் சேர்ந்து மாறுவது. நான்காவது ஷேடு தவறுவது. பல வருடம் தின்னர் போன்ற கரைப்பான்களின் ஆவியில் நின்றவர்களுக்கு நீலம் மஞ்சள் வரிசையில் நிற வித்தியாசம் மெல்ல மங்கும். பச்சை சிவப்பு தெரிவதால் அவர்களுக்கே அது பிடிபடாது. வால்நட்டுக்கும் தேக்குக்கும் இடையே ஸ்டெயினர் என்ற நிறச்சாயம் கலக்குபவருக்கு அது பீரோ திரும்பி வரும்போதுதான் தெரியும். கண் மருத்துவரிடம் சாதாரண எண் புத்தகச் சோதனை மட்டும் போதாது, வெளிர் நிற வில்லைகளை வரிசைப்படுத்தும் டி-15 சோதனை வேண்டும் என்று கேளுங்கள்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பாலிஷுக்கான தின்னரில் பொதுவாக டொலுவீன், சைலீன், பியூட்டைல் அசிடேட், அசிட்டோன் போன்றவை கலந்திருக்கும். மலிவுச் சரக்கில் மெத்தனாலும் இருக்கலாம். இவற்றில் டொலுவீனும் சைலீனும் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. மூளையில், அதிலும் நரம்பிழைகளைச் சுற்றிய உறையில், கொழுப்பு நிறைய. உடனடி விளைவு மதுவைப் போலத்தான்: மூளையின் பிரேக்கான காபா ஏற்பிகளைத் தூண்டும், விழிப்புக்கும் நினைவுப் பதிவுக்கும் வேண்டிய குளுட்டமேட் ஏற்பிகளை அடக்கும். தள்ளாட்டம், சிரிப்பு, எரிச்சல், குமட்டல் எல்லாம் அதனால் வருபவை. அது சில மணி நேரத்தில் இறங்கும். உடல் கொழுப்பில் தங்கியது வெளியேற நாட்கள் ஆகும். மறுநாள் காலை மிச்சம் இருக்கும்போதே அவர் மறுபடி ஷெட்டுக்குள் போகிறார். இப்படிப் பல வருடம் போனால் வருவது வேறு நோய். 1970களில் டென்மார்க், ஸ்வீடன் பெயின்டர்களிடம் இது பெரிய அளவில் கவனிக்கப்பட்டது. 1985இல் அமெரிக்காவின் ராலி நகரில் கூடிய நிபுணர்கள் இதை வகை பிரித்தார்கள். களைப்பு, மறதி, எரிச்சல் என்று சொல்லத்தான் இருக்கும், சோதனையில் எதுவும் தெரியாது என்பது முதல் வகை. சுபாவம் நிலையாக மாறுவதும், சோதனையில் நினைவும் கவனமும் குறைந்திருப்பதும் இரண்டாம் வகை. முழு மறதிநோய் மூன்றாவது. முதல் வகை, ஆவியை விட்டு விலகினால் சரியாகும். இரண்டாவதில் ஓரளவு திரும்பும். மூன்றாவதில் திரும்புவது அரிது.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதால் மூளைக்கு ஒன்றும் இல்லை என்று ஆகாது. வேலையிடத்துப் பாதிப்பில் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகவே வரும். போதைக்காக நேரடியாக முகர்பவர்களிடம்தான் பெரும்பாலும் மூளையின் வெள்ளைப் பகுதியில், அதாவது நரம்பிழைகள் ஓடும் பகுதியில், மாற்றம் தெரியும். கட்டி, ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்துகொண்ட வகையில் ஸ்கேன் உதவியது, அவ்வளவுதான்.

இப்போது ஷெட்டைப் பார்ப்போம், ஏனென்றால் நோய் அங்கேதான் இருக்கிறது. 20க்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் சுமார் 68 கனமீட்டர் காற்று. நம் நாட்டுச் சட்ட அட்டவணையில் டொலுவீனுக்கு 8 மணி நேரச் சராசரி வரம்பு 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு அதை 20 என்று சொல்கிறது. மூடிய உங்கள் ஷெட்டில் 100 பி.பி.எம். வர எவ்வளவு டொலுவீன் ஆவியாக வேண்டும் தெரியுமா? 30 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. 150 மில்லி ஆவியானால் 500 பி.பி.எம்.; அது உயிருக்கு ஆபத்து என்று குறிக்கப்பட்ட அளவு. ஒரு லிட்டர் ஆவியானால் மூவாயிரத்தைத் தாண்டும். ஷட்டரை மூடிக்கொண்டு ஒரு வார்ட்ரோபுக்கு இரண்டு கோட் அடித்தால் என்ன நடக்குமோ அதுதான் அன்று நடந்தது.

மழைக்கும் தூசிக்கும் பயந்து ஷட்டரை மூடுவது ஏன் என்று தெரியும். ஈரக்காற்று பட்டால் பாலிஷ் வெளுத்துப்போகும், தூசி ஒட்டினால் மறுபடி உப்புத்தாள் போட வேண்டும். அதனால் "ஷட்டரைத் திற" என்று மட்டும் சொன்னால் அவர் கேட்கமாட்டார். மழை நாளில் ஸ்பிரே இல்லை, அன்று தேய்ப்பு, பட்டி, அளவு வேலை என்று பிரித்துவைப்பதுதான் நடக்கக்கூடியது.

காற்றோட்டத்துக்கு மின்விசிறி போதாது. அது ஆவியை ஷெட்டுக்குள்ளேயே சுற்றிவிடும். டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோடு தங்கும். அதனால் இழுக்கும் விசிறி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சுவரில் இருக்க வேண்டும், எதிர்ச்சுவரில் காற்று வர வலை போட்ட திறப்பு வேண்டும். அவர் நிற்க வேண்டியது காற்று வரும் பக்கம், மரம் இருக்க வேண்டியது விசிறிப் பக்கம். பல ஷெட்டுகளில் இது தலைகீழாக இருக்கும். மரத்திலிருந்து வரும் மொத்த ஆவியும் அடிப்பவர் முகத்தைக் கடந்துதான் வெளியே போகும். மணிக்கு ஒரு லிட்டர் டொலுவீன் ஆவியாகும் இடத்தில் 100 பி.பி.எம். அளவுக்கு வைத்திருக்கவே மணிக்கு 2,300 கனமீட்டர் காற்று வேண்டும், அதுவும் மூலை முடுக்கெல்லாம் சமமாகக் கலந்தால். நடைமுறையில் மூன்று நான்கு மடங்கு வைக்க வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஒன்று மாட்டி ஆகாது. மோட்டாரும் சுவிட்சும் தீப்பொறி வராத வகையாகவோ ஆவி போகும் பாதைக்கு வெளியிலோ இருக்க வேண்டும். காற்றில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் டொலுவீன் இருந்தாலே பற்றிக்கொள்ளும். ஷெட்டுக்குள் சாமி விளக்கு இருந்தால் இன்றே வெளியே எடுங்கள்.

கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க், என்-95 மூன்றும் ஆவியைத் தடுக்காது. என்-95 தூசிக்கானது, துளிகளை ஓரளவு பிடிக்கும், ஆவி அதற்குள் தாராளமாகப் போய்வரும். வேண்டியது ரப்பர் அல்லது சிலிகான் அரைமுக மாஸ்க், இரண்டு பக்கமும் கரித்தூள் நிரப்பிய ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதன்மேல் துளிகளுக்கு ஒரு முன்வடிகட்டி. கார்ட்ரிட்ஜை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். தளர்ந்தால் கசிகிறது. தாடி இருந்தால் கசிந்தே தீரும். வேலை முடிந்ததும் கழற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூட வேண்டும். ஆணியில் மாட்டிவைத்தால் இரவெல்லாம் கரி ஷெட்டு ஆவியை உறிஞ்சிக்கொண்டிருக்கும், மறுநாள் பாதி தீர்ந்த கார்ட்ரிட்ஜோடு வேலை தொடங்கும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அது இன்னும் சீக்கிரம் தீரும். வாசனை வந்தால் மாற்றலாம் என்று இருக்க வேண்டாம், இத்தனை வருடத்தில் அவர் மூக்கு மரத்துப்போயிருக்கும். அடித்த மணி நேரத்தைக் கார்ட்ரிட்ஜ் மேலேயே எழுதிவைத்து, கணக்கு வைத்து மாற்றச் சொல்லுங்கள். அரைமுக மாஸ்க் தாங்குவது வரம்பின் பத்து மடங்கு வரைதான். மூடிய ஷெட்டில் மாஸ்க் மட்டும் காப்பாற்றாது. மெத்தனால், பெயின்ட் ரிமூவரில் உள்ள டைக்ளோரோமீத்தேன் இரண்டும் கரியில் நிற்காமல் சட்டென்று கடந்துவிடும். எனவே ரிமூவர் வேலை திறந்த வெளியில் மட்டும். இரண்டு டப்பா பி.யூ.வில் கெட்டிப்படுத்தக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அது மூளையைவிட நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

தோல் வழியும் போகிறது. வேலை முடிந்து தின்னரில் கை கழுவும் பழக்கத்தை விட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டால் போதும். தின்னரில் நனைந்த துணிகளை மூடியுள்ள தகர டின்னில் போட்டு வெளியே வையுங்கள். அடித்து முடித்த பிறகும் மரம் மணிக்கணக்கில் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் வேலையாட்கள் யாரும் ஷெட்டில் படுக்கக் கூடாது, காய்கிற சாமான்களை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கவும் கூடாது. வேலை உடுப்பை வெளியே கொடியில் போட்டுவிட்டு உள்ளே வரட்டும். தண்ணீரில் கரையும் பி.யூ. இப்போது கிடைக்கிறது. காய நேரமாகும், விலையும் கூடுதல், ஆனால் உள்வேலை சாமான்களுக்குத் தாராளமாகப் போதும்.

இத்தனையும் செய்தாலும் முதல் நான்கு வாரம் அவர் ஸ்பிரே கன்னைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. அடிக்கும் வேலையை வெளியே கொடுத்துவிட்டு அவர் தேய்ப்பு, அளவு, பார்ட்டிகளைப் பார்க்கட்டும். வருமானம் அடிபடும். ஆனால் இந்த நான்கு வாரம் வைத்தியமாகவும் சோதனையாகவும் இரண்டு வழியில் உதவும். ஆவியின் உடனடி மப்பு முழுவதும் இறங்கிய பிறகு எடுக்கும் நினைவுத்திறன் சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

அதற்குள் பொது மருத்துவரிடம் பி12, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் எல்லாம் பார்த்துவிடுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டித் தேய்க்கும் வேலை உண்டென்றால் ரத்தத்தில் ஈயமும் பார்க்க வேண்டும். குறட்டை பலமா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று நீங்களே ஒரு இரவு கவனியுங்கள்; தூக்க மூச்சடைப்பு இதே மறதியையும் கோபத்தையும் கொண்டுவரும். மனச்சோர்வும் அப்படித்தான். டொலுவீன் உடலில் ஹிப்பூரிக் அமிலமாக மாறும், சிறுநீரில் அதைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒரு எச்சரிக்கை: கடை ஊறுகாய், பாட்டில் கூல்டிரிங்க்ஸில் போடும் சோடியம் பென்சோயேட்டும் உடலில் அதே அமிலமாகத்தான் மாறும். முந்தைய நாள் சாப்பாட்டால் ரிப்போர்ட் எகிறும். தவிர, அந்தச் சோதனை அன்றைய ஆவியைத்தான் காட்டும், 19 வருடத்தைக் காட்டாது.

பிறகு நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது தின்னர், சீலர், ஹார்டனர் டின் லேபிள்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் எத்தனை லிட்டர், எத்தனை வருடம், ஷெட்டின் அளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "டென்ஷன்" என்று திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாததால்தான். நினைவையும் கவனத்தையும் அளக்கும் நரம்பு உளவியல் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது. ஒரு வருடம் கழித்து அதே சோதனையை மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும்.

என்ன எதிர்பார்க்கலாம்? தலைவலி, கிறுகிறுப்பு வாரங்களில் போகும். தூக்கமும் கோபமும் தணிய சில மாதங்கள். நினைவும் கவனமும் மெதுவாகத்தான், ஆறு மாதம் ஒரு வருடம் என்று போகும். அதற்குப் பிறகும் மிச்சமிருப்பது கூடவே இருக்கக்கூடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: விலகிய பிறகு இந்த நோய் வளராது. ஆவியே இல்லாமல் ஆறு மாதம் இருந்தும் மறதி கூடிக்கொண்டே போனால் காரணம் வேறு, மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

மது கூடவே கூடாது. மதுவையும் டொலுவீனையும் சைலீனையும் ஈரல் ஏறக்குறைய ஒரே வழியில்தான் உடைக்கிறது. மது உள்ளே இருக்கும்போது தின்னர் ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவும் வேண்டாம். அந்த ரக மாத்திரைகள் தின்னர் அழுத்தும் அதே பிரேக்கைத்தான் அழுத்தும். மனச்சோர்வு இருந்தால் மனநல மருத்துவர் தரும் மருந்து நல்ல பலன் தரும். பி12 குறைவாக இருந்தால் மட்டும் பி12. டானிக்கை நிறுத்திவிடலாம். தினம் அரை மணி நேர நடை, சரியான நேரத்துக்குத் தூக்கம், இவை உதவும்.

வீட்டில் நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டு வீசுவது அவர் குணம் கெட்டதால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தைப் பிடித்து நிறுத்தும் மூளையின் முன்பகுதியும் இதில் தளர்கிறது. அதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கை நீண்டால் பிள்ளைகளோடு அந்த இடத்தை விட்டு விலகுங்கள், மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பணம், பள்ளிக்கூடம், சொந்தக்காரர் விவகாரங்களை ஷெட்டிலிருந்து வந்த உடனே பேச வேண்டாம், காலையில் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். விலையை வாயால் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தைப் பழக்குங்கள்; இரண்டு விலைப் பிரச்சினை அன்றோடு தீரும். சாவி, போன், டேப்புக்கு ஒரே ஆணி, ஒரே தட்டு. ஷேடுக்கு ஒவ்வொரு கலவையையும் மரத்துண்டில் அடித்து, பின்பக்கம் விகிதத்தை எழுதிவையுங்கள். பகல் வெளிச்சத்தில் இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடிக்க வேண்டும். இதை அவர் அவமானமாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துண்டில் பார்ட்டியிடமே கையெழுத்து வாங்கிவிட்டால் பேச்சு அவர் கண்ணைப் பற்றி வராது.

மழை நாளில் நடந்தது மறுபடி நடந்தால், நீங்கள் உடனே உள்ளே ஓடாதீர்கள். முதலில் ஷட்டரை முழுக்கத் திறக்கவும், மின்சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த உடுப்பைக் கழற்றி, தோலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால், மோர், எலுமிச்சை எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, தின்னர் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. நடக்கவைத்துத் தெளியவைக்கப் பார்க்காதீர்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு இருந்தால் 108. தெளிந்துவிட்டாலும் அன்று வண்டி ஓட்டக் கூடாது. அன்றோ மறுநாளோ கண் மங்கினால், பனிமூட்டம் போலத் தெரிந்தால், உடனே பெரிய ஆஸ்பத்திரி. அது மெத்தனாலாக இருக்கலாம். அதற்கு மாற்று மருந்து உண்டு, தாமதித்தால் பார்வை போகும். ரிமூவர் அடித்தபின் மயங்கினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டைக்ளோரோமீத்தேன் உடலில் கார்பன் மோனாக்சைடாக மாறும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அப்போதும் 98, 99 என்றே காட்டும்.

தங்கை மகன் விஷயத்தில் தாமதம் வேண்டாம். 18 வயது நிரம்பாதவரை இந்த மாதிரி அபாயமான வேலையில் வைப்பது சட்டப்படியே குற்றம். துணியை முகர்ந்துகொண்டே நிற்கிறான் என்றால் அது வேலையால் வருவது மட்டும் இல்லை, அவனுக்கு அது பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. உடுப்பிலும் வாயிலும் தின்னர் வாசனை, மூக்கைச் சுற்றிப் புண், சாப்பாட்டில் வெறுப்பு, காரணமில்லாத சிரிப்பு, டின்னில் அளவு குறைவது, இவற்றைக் கவனியுங்கள். கை கால் திடீரென்று தளர்ந்து எழ முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. டொலுவீன் சிறுநீரகத்தைக் கெடுத்துப் பொட்டாசியத்தை இறக்கிவிடும். அவனை ஷெட்டுக்குள் விடாதீர்கள், தின்னரைப் பூட்டி வையுங்கள். சாதாரண நேரத்தில் பொறுமையாகப் பேசி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். துணியோடு நிற்பதைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், அடிக்காதீர்கள். டொலுவீன் ஏறிய இதயம் பயத்தில் சுரக்கும் அட்ரினலினைத் தாங்காமல் சட்டென்று துடிப்பு குழம்பி நின்றுவிடும். முதல் தடவை முகர்ந்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. துணியை மெதுவாக வாங்கிக்கொண்டு, வெளியே காற்றில் உட்காரவைத்து, தெளியும் வரை யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.